கண்டக்டர் நெஞ்சில் ஒரு கீச்சு

சட்டையைக் கழற்றுவதில் எனக்கு ஒருநாளும் கூச்சம் இருந்ததில்லை. நாலு பேர் பார்க்கவும் கழற்றுவேன், நாற்பது பேர் பார்க்கவும் கழற்றுவேன். இன்ஸ்பெக்டர் ஐயா, நேற்று நீங்கள் "எதையும் மறைக்காம எழுதிக் குடுங்க" என்றீர்கள். மறைக்கிற பழக்கமே இல்லாத ஆளிடம் போய் அப்படிச் சொன்னீர்கள். இந்த ஊரில் நெஞ்சு நோய்ப் படிப்பு படித்த டாக்டர்கள் அத்தனை பேருக்கும் என் நெஞ்சு அத்துப்படி.

என் இதயம் வலது பக்கம் இருக்கிறது. கல்லீரல் இடது பக்கம். உள்ளே எல்லாமே கண்ணாடியில் தெரிகிற மாதிரி இடம் மாறி உட்கார்ந்திருக்கிறது. அதோடு, மூச்சுக்குழாயில் சளியை மேலே தள்ள வேண்டிய நுண்ணிய மயிர்கள் எனக்குப் பிறவியிலிருந்தே வேலை செய்வதில்லை. சளி தங்கித் தங்கிக் குழாய்கள் தொளதொளத்துவிட்டன. காலையில் எழுந்ததும் முதல் வேலை இருமுவதுதான். நான் இரும ஆரம்பித்தால் வீட்டில் மருமகள் கதவைச் சாத்துவாள், மகன் டி.வி. சத்தத்தைக் கூட்டுவான். குறை சொல்லவில்லை. அந்தச் சத்தம் அப்படி.

ஆஸ்பத்திரியில் நிலைமை வேறு. அங்கே நான் இருமினால் பக்கத்தில் வந்து குனிந்து கேட்பார்கள்.

நெஞ்சு டாக்டர்களின் மேல்படிப்புத் தேர்வைப் பற்றி உங்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. தாளில் எழுதினால் மட்டும் அதில் தேறிவிட முடியாது. அபூர்வ வியாதிக்காரர்களைத் தேடிப்பிடித்து, வரவழைத்து, வார்டில் படுக்கவைப்பார்கள். தேர்வு எழுதும் டாக்டர் வந்து தொட்டு, தட்டி, குழாய் வைத்துக் கேட்டு, என்ன வியாதி என்று பெரிய டாக்டரிடம் சொல்ல வேண்டும். வியாதியின் பெயரை நாங்கள் வாய்தவறியும் சொல்லக் கூடாது. பல வருடங்களாக நான் அங்கே நிரந்தர நோயாளி. ஜன்னலோரக் கட்டில் எனக்கென்றே காத்திருக்கும். பெரிய டாக்டர் உள்ளே வரும்போதே, "நம்ம வலது வந்தாச்சா?" என்றுதான் கேட்பார்.

தொழிலில் நான் படங்களுக்குச் சட்டம் போடுகிறவன். வாழ்நாள் முழுக்க அடுத்தவர் முகத்தைக் கண்ணாடிக்குள் வைத்து ஆணியடித்தேன். என்னை யாரும் ஒரு நிமிடம் நின்று பார்த்ததில்லை. தேர்வு நாளில் பார்த்தார்கள்.

வருகிற டாக்டர்களில் பாதிப் பேர் இடது மாரில் குழாயை வைத்து, அங்கே ஒன்றுமே சரியாகக் கேட்காமல், "இதயத் துடிப்பு நார்மல் சார்" என்று அடித்துச் சொல்வார்கள். பாவமாக இருக்கும். முகம் பிடித்துப்போனவர்களுக்கு மட்டும் நான் வலது மாரை லேசாகச் சொறிந்து காட்டுவேன். புத்திசாலிகள் பிடித்துக்கொள்வார்கள். ஒருவர் மட்டும், "சொறி எத்தனை நாளா இருக்கு?" என்று கேட்டார். அவர் தேறவில்லை.

என்னோடு அந்த வார்டில் படுத்தவர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. ஒருவர் இருமினால் பொடிக்கல் வரும். அவற்றைத் தீப்பெட்டியில் சேர்த்து வைத்துக்கொண்டு, கேட்டவர் கேட்காதவர் எல்லோரிடமும் குலுக்கிக் காட்டுவார். ஒரு பாட்டு டீச்சருக்குப் பத்து விரல் நகமும் மஞ்சளாகி, நெஞ்சில் நீர் கோத்திருந்தது. இன்னொரு அம்மா படுத்தால் நன்றாக மூச்சு விடுவார், எழுந்து உட்கார்ந்தால் திணறுவார். திணறுகிற நோயாளியை உட்கார வைக்க வேண்டும் என்று படித்துவிட்டு வருகிற டாக்டர்களிடம் அவர் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. எத்தனை பேர் இருந்தாலும் ஜன்னலோரம் என்னுடையதாகத்தான் இருந்தது, கண்டக்டர் வரும்வரை.

கண்டக்டர் பஸ்ஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஒல்லியான ஆள். நாலு படி ஏறினால் மூச்சு வாங்கும். அவர் மூச்சை உள்ளே இழுத்தால், இழுப்பு முடிகிற இடத்தில் நெஞ்சுக்குள் 'கீச்' என்று ஒரு சின்னச் சத்தம் வரும். எண்ணெய் போடாத கதவை யாரோ மெல்லத் திறக்கிற மாதிரி. பெரிய டாக்டர் குழாயை எடுக்க மனசில்லாமல் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டே நின்றார். "இவ்வளவு சுத்தமான கீச்சை நான் கேட்டதே இல்லை" என்றார். இத்தனை வருடம் என் நெஞ்சைக் கேட்ட மனிதர் எனக்காக ஒருமுறைகூடக் கண்ணை மூடியதில்லை.

"கண்டக்டராச்சே, விசிலை முழுங்கியிருப்பாரு" என்றாள் வார்டு ஆயா. எக்ஸ்ரேயில் விசில் இல்லை.

அன்று சாயங்காலத்துக்குள் அவரை ஜன்னலோரத்துக்கும் என்னைப் பக்கத்துக் கட்டிலுக்கும் மாற்றிவிட்டார்கள். எனக்கு வயிறு எரிந்தது. மறைக்காமல் எழுதச் சொன்னதால் இதையும் எழுதுகிறேன்.

ஆனால் அந்த மனிதரை வெறுக்க முடியவில்லை. மறுநாள் டாக்டர்கள் அவர் கட்டிலைச் சுற்றி முண்டியடித்தபோது, "உள்ள போங்க, உள்ள போங்க, நடுவுல எடம் காலியாத்தான் இருக்கு" என்று குரல் கொடுத்தார். பெரிய டாக்டரே சிரித்துவிட்டார். குழாயை எங்கே வைப்பது என்று தடுமாறிய ஒருவரிடம், "பதறாதீங்க தம்பி, ஸ்டாப்பிங் வந்தா நானே சொல்றேன்" என்று சொல்லி, கீச்சு வருகிற நேரம் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். எல்லாம் முடிந்த பிறகு என் பக்கம் திரும்பினார்.

"ஏண்ணே, உங்களுக்கு இதயம் அந்தப் பக்கமாமே. உங்ககிட்ட ஒருத்தர் மனசு விட்டு அழணும்னா எந்தத் தோள்ல சாயறது?"

என் மனைவி போன பிறகு யாரும் என்னிடம் அப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை. சிரித்துச் சிரித்து எனக்கு இருமல் கிளம்பிவிட்டது. நான் இருமி முடிக்கும்வரை அவர் முகத்தைத் திருப்பவில்லை. தண்ணீர் தம்ளரைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். பிறகு, "முழுசா வந்துடுச்சாண்ணே?" என்று கேட்டார். வேறொருவர் வாயில் அது அருவருப்பான கேள்வி. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அதற்குப் பிறகு தேர்வுக்குத் தேர்வு நாங்கள் ஜோடி. ஒரே பஸ்ஸில் வருவோம். பக்கத்துப் பக்கத்துக் கட்டில். மத்தியானம் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்துவைத்துக்கொண்டு, எந்த டாக்டர் தேறுவார், எவர் தேறமாட்டார் என்று பந்தயம் கட்டுவோம். தேர்வு இல்லாத நாட்களில் மருமகள் சாத்திய கதவுக்குப் பின்னால் உட்கார்ந்து, அடுத்த தேர்வு எப்போது என்று காலண்டரைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

அவருடைய வியாதி என்ன என்று தெரியும், எதனால் வந்தது என்றுதான் பிடிபடவில்லை. ஏதோ ஒரு தூசி அவர் நுரையீரலுக்கு ஒத்துக்கொள்ளாமல் உள்ளே புண்ணாக்குகிறது; விட்டுவிட்டால் புண் ஆறாத தழும்பாகிவிடும். புறா வளர்க்கிறீர்களா, கிளி வளர்க்கிறீர்களா, வைக்கோல் புழுதியா, ஈரச் சுவரா என்றெல்லாம் கேட்டார்கள். "எங்க வீட்ல பறக்கிறது கொசு மட்டும்தான் சார்" என்றார் கண்டக்டர்.

ஒருமுறை தேர்வு எழுத ஒரு பெண் டாக்டர் வந்தார். நிதானமான பெண். கீச்சைக் கேட்டார், தலையை ஆட்டிக்கொண்டார், பிறகு யாரும் கேட்காத ஒன்றைக் கேட்டார்.

"எதுல தலை வச்சுப் படுப்பீங்க?"

"தலையணையிலதாம்மா. நான் ரிடையர் ஆனப்ப எம்பொண்ணு அனுப்பினா. வாத்து இறகு. தலை வச்சா அடுத்த நிமிஷம் தூக்கம்."

டாக்டரம்மா குழாயை மடித்துக் கழுத்தில் போட்டுக்கொண்டார். "அதை இன்னைக்கே வீட்டை விட்டு வெளிய போடுங்கய்யா. பஞ்சுத் தலையணை வச்சுக்கங்க. கொஞ்ச நாள்ல மாடிப்படி ஏறுவீங்க."

பெரிய டாக்டர் அவருக்கு நல்ல மதிப்பெண் போட்டார். போடும்போது, நல்ல கீச்சு ஒன்று கைவிட்டுப் போகப்போகிறதே என்று ஒரு கணம் அவர் முகம் வாடியதையும் நான் பார்த்தேன். அவரை இதில் இழுப்பது என் நோக்கமல்ல. வாடியது, அவ்வளவுதான்.

அன்று திரும்பி வருகிற வழியில் கண்டக்டர் சொன்னார்: "பொண்ணு குடுத்தது. குப்பையில போட கை வராதுண்ணே. நீங்களே எங்கயாவது கொண்டுபோய்ப் போட்டுடுங்க."

போட்டுவிடுகிறேன் என்றேன். பஞ்சில் ஒரு தலையணை நானே தைத்துத் தருகிறேன் என்றும் சொன்னேன். சொன்னபடி தைத்தும் கொடுத்தேன். சுத்தமான பஞ்சு. அப்போது என் மனதில் எந்தக் கெட்ட எண்ணமும் கிடையாது, ஐயா. இதை நீங்கள் கோடிட்டுப் படிக்கலாம்.

டாக்டரம்மா சொன்னது பலித்தது. கண்டக்டர் முகத்தில் தெளிவு வந்தது. ஒருநாள் போனில், "அண்ணே, எங்கேருந்து பேசறேன் சொல்லுங்க பாப்போம். மொட்டை மாடி" என்றார். எனக்கு அவ்வளவு சந்தோஷம். அடுத்த தேர்வுக்கு முன்பு பெரிய டாக்டர் அவர் முதுகில் குழாயை அங்குலம் அங்குலமாக நகர்த்தினார். கீச்சு இல்லை. "ரொம்ப நல்லது" என்று, எழவு வீட்டில் சொல்கிற குரலில் சொல்லி அவரை அனுப்பிவிட்டார்.

அந்தத் தேர்வில் ஜன்னலோரக் கட்டிலில் கல் துப்புகிறவர் படுத்திருந்தார். பொழுதுக்கும் தீப்பெட்டியைக் குலுக்கினார். நான் இருமியபோது, "அந்தப் பக்கம் திரும்பி இருமுங்க சார்" என்றார்.

வீட்டுக்குப் போகாமல் நேரே கண்டக்டரைப் பார்க்கப் போனேன். அவர் பெட்டிகளைத் தூசி தட்டிக்கொண்டிருந்தார். "எம்பொண்ணு வந்துடு வந்துடுன்னு கூப்பிட்டுக்கிட்டே இருக்கா. அவ வீடு மூணாவது மாடி. இத்தனை நாள் அதான் தயங்கினேன். இனிமே என்ன?" என்றார்.

நான் யோசித்தேன். ஆத்திரத்தில் செய்தேன் என்று உங்கள் ஆட்கள் எழுதியிருந்தால் அது தவறு. அமைதியாக, இரண்டு டம்ளர் டீ குடித்து யோசித்தேன். அந்தக் கீச்சு ஒரு தனி மனிதருடைய சொத்து இல்லை. அதை ஒருமுறைகூடக் காதால் கேட்காத டாக்டர்கள் தேறி வெளியே போனால், நாளைக்கு எங்கேயோ ஒரு நோயாளியின் கீச்சைக் கோட்டைவிடுவார்கள். அந்தப் பாவம் யார் தலையில் விடியும்? கல்விக்கு நம்மால் ஆனதைச் செய்ய வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

பழைய தலையணையை நான் எறிந்திருக்கவில்லை. சட்டம் போடுகிறவன் ஓரத்துண்டுக் கண்ணாடியைக்கூட எறிய மாட்டான். அது கடைப் பரணில் இருந்தது.

"பஞ்சு அமுங்கியிருக்கும், குடுங்க, புதுசா அடிச்சுத் தர்றேன்" என்று கண்டக்டரின் தலையணையை வாங்கிக்கொண்டு வந்தேன். சுற்றிலும் பஞ்சு, நடுவில் ஒரு கைப்பிடி இறகு. உறைக்கு நெருக்கமான நெசவு வேண்டாம் என்று பார்த்துப் பார்த்துத் துணி எடுத்தேன். தலையணைக்குக் காற்றோட்டம் முக்கியம்.

அவருக்கு அது ரொம்பப் பிடித்துப்போயிற்று. "என்ன கைராசிண்ணே உங்களுக்கு! எம்பொண்ணு குடுத்தது மாதிரியே இருக்கு" என்றார்.

பயணம் தள்ளிப்போயிற்று. அடுத்த தேர்வுக்குள் கீச்சு வந்துவிட்டது. பெரிய டாக்டர் வெளிநாட்டிலிருந்து திரும்பிய சொந்தக்காரரைப் பார்த்த மாதிரி, "வந்துட்டியா!" என்றார். கண்டக்டரிடம் அல்ல, கீச்சிடம்.

நான் ஈவு இரக்கம் இல்லாதவன் அல்ல. தேர்வு முடிந்ததும் தலையணையை வாங்கி இறகை எடுத்துவிடுவேன். அவர் தேறுவார். அடுத்த தேர்வு நெருங்கும்போது மறுபடி ஒரு கைப்பிடி. சமையலில் உப்பு போடுகிற மாதிரி, பார்த்துத்தான் போட்டேன். டாக்டர்கள் மண்டையைப் பிய்த்துக்கொண்டார்கள். தலையணையைப் பற்றி ஒவ்வொரு தடவையும் கேட்டார்கள். "பஞ்சுதான் சார். எங்க அண்ணன் கையால தைச்சது" என்பார் அவர். அதற்கு மேல் யார் சந்தேகப்படுவார்கள்? முகம் உப்பிப்போகிற ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்தார்கள். ஒவ்வொரு முறையும் அவர் தேறினார். ஆனால் முன்பு தேறிய அளவுக்குத் தேறவில்லை. மொட்டை மாடியிலிருந்து போன் வருவது நின்றது. பிறகு முதல் மாடியிலிருந்தும். அதை நான் கவனித்தேன். கவனிக்கவில்லை என்று எழுதினால் பொய்யாகிவிடும்.

கடைசியில் உதடு நீலம் பாய்ந்து அவரை அதே வார்டில் சேர்த்தார்கள். நான் தினமும் பிளாஸ்க்கில் டீ எடுத்துக்கொண்டு போனேன். கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூல், ஜன்னலில் வெளிச்சம், மூக்கில் குழாயோடு அவர் சொல்லும் பஸ் கதைகள். இருமினால் இருவரும் சேர்ந்தே இருமுவோம். அவை நல்ல நாட்கள்.

ஆஸ்பத்திரித் தலையணையில் படுத்ததால் அவர் மெல்லத் தேறிக்கொண்டிருந்தார். வீட்டுக்கு அனுப்பலாம் என்று பேச்சு அடிபட்டது. மகள் வந்து நேரே கூட்டிப்போவதாக ஏற்பாடு. "இந்தத் தலையணை பலகை மாதிரி இருக்குண்ணே" என்று அவரே ஒருமுறை சொல்லியிருந்தார். அதனால் அவர் வீட்டுத் தலையணையை எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தேன்.

அந்த டாக்டரம்மா இப்போது அங்கேயே வேலையில் இருக்கிறார். மறுநாள் காலை பெரிய டாக்டரோடு வந்தார். முதுகில் கேட்பதற்காகக் கண்டக்டரைத் தூக்கி உட்காரவைத்து, சாய்வதற்குத் தலையணையை நிமிர்த்தி ஒரு தட்டுத் தட்டினார். தையல் ஓரத்திலிருந்து ஒரு வெள்ளை இறகு கிளம்பியது. மின்விசிறிக் காற்றில் வார்டைச் சுற்றியது. எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள், பெரிய டாக்டரைத் தவிர. அவர் எதையோ எழுதிக்கொண்டிருந்தார். இறகு நிதானமாக இறங்கி அவருடைய வழுக்கைத் தலையில் உட்கார்ந்தது. சொல்ல ஒருவருக்கும் துணிச்சல் இல்லை.

"சார், டிக்கெட் எடுக்காத ஆளு ஒருத்தர் உங்க தலைல ஏறி உக்காந்திருக்காரு" என்றார் கண்டக்டர்.

வார்டே சிரித்தது. நானும் சிரித்தேன். டாக்டரம்மா மட்டும் சிரிக்காமல் இரண்டு விரலால் அந்த இறகை எடுத்தார். இறகைப் பார்த்தார், தலையணையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். நான் டீ ஊற்றிக்கொண்டிருந்தேன்.

மற்றது உங்களுக்குத் தெரியும். கண்டக்டர் உங்களிடம், "அண்ணன் வெவரம் தெரியாம பண்ணிட்டாரு, விட்டுடுங்க" என்று சொன்னதாகச் சொன்னீர்கள். நானும் ஆமாம், தெரியாமல் நடந்தது என்று எழுதிவிட்டால் விஷயம் இதோடு முடிந்துவிடும் என்றும் சொன்னீர்கள். உங்கள் நல்ல மனசுக்கு நன்றி. ஆனால் விவரம் தெரியாமல் செய்தேன் என்பதை என்னால் ஏற்க முடியாது. அந்த வார்டில் இத்தனை வருடம் படுத்தவனுக்கு, இறகு என்ன செய்யும் என்று தெரியாமல் இருக்குமா? தெரிந்துதான் வைத்தேன். நடுவில் வைத்தால் கையில் தட்டுப்படாது என்று தெரிந்து நடுவில் வைத்தேன்.

நீங்கள் கேட்ட அந்த ஒரு கேள்விக்கும் பதில் எழுதிவிடுகிறேன். ஆமாம், ரப்பர் பொம்மை வந்தது எனக்கு முன்பே தெரியும். அவர் ஆஸ்பத்திரியில் சேர்வதற்கு முன்பு, பெரிய டாக்டர் எங்கள் இருவரையும் கூப்பிட்டுக் காட்டினார். இடுப்புக்கு மேல் மட்டும் உள்ள ஒரு ரப்பர் ஆள். ஒரு பொத்தானை அழுத்தினால் இதயம் வலது பக்கம் துடிக்கும். இன்னொன்றை அழுத்தினால் கீச்சு. எங்களிடமிருந்தே பதிவு செய்தது. "இனிமே தேர்வுக்கு நீங்க யாரும் அலைய வேண்டாம்" என்றார். கண்டக்டர் பொத்தானை அழுத்தி அழுத்திச் சிரித்தார். "அண்ணே, நான் பாட்டுக்கு இங்க டூட்டியில இருக்கேன். இனிமே நிம்மதியா எம்பொண்ணு வீட்டுக்குக் கெளம்பலாம்" என்றார். எனக்கு நெஞ்சில் என்னவோ செய்தது. வலது பக்கம்தான்.

அன்று அவர் தலையணையை வாங்கிக்கொண்டு கடைக்குப் போய்ப் பிரித்தேன். ஒரு கைப்பிடி இல்லை, மிச்சமிருந்த இறகு முழுவதையும் வைத்துத் தைத்துக் கொடுத்தேன். தேர்வே இல்லாதபோது எதற்கு என்று கேட்கிறீர்கள். ரப்பர் பொம்மை எப்போது வேண்டுமானாலும் பழுதாகலாம், ஐயா. தேர்வு நடுவில் மின்சாரம் போய்விட்டால் டாக்டர்கள் என்ன செய்வார்கள்? கல்விதான் எனக்கு முக்கியம்.

இப்போது அவர் மகள் வீட்டில் இருக்கிறார். எழுந்து நடக்கிறார் என்று கேள்விப்பட்டேன். சந்தோஷம். வக்கீலிடம் விசாரித்தேன். நான் கோர்ட்டில் குற்றத்தை ஒப்புக்கொண்டால் ஒரே நாளில் முடிந்துவிடுமாம். மறுத்தால் சாட்சிகளைக் கூப்பிடுவார்களாம், வாய்தாவுக்கு மேல் வாய்தா போகுமாம், வருடக்கணக்கில் இழுக்குமாம். அதனால் இங்கே எழுதிய அத்தனையையும் கோர்ட்டில் மறுக்கப்போகிறேன். நீங்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. முக்கியமான சாட்சி அவர்தானே. ஒவ்வொரு தடவையும் வந்தே ஆக வேண்டும்.

கோர்ட் வராந்தாவைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். ஜன்னலோரமாக ஒரு பெஞ்சு இருக்கிறது, இரண்டு பேர் தாராளமாக உட்காரலாம். அவருக்குத்தான் பயணம் தூரம். பஸ்ஸில் கழுத்து வலிக்கும். அதற்காகச் சின்னதாக ஒரு தலையணை தைக்க ஆரம்பித்திருக்கிறேன். இந்தத் தடவை பஞ்சு மட்டும்தான் வைப்பேன் என்று நினைக்கிறேன்.